செல்லத்தாய் உட்கார்ந்த மேசை

சாத்தான்குளம் கடைத்தெருவில் சுடலைக்கண்ணன் நடத்தும் காப்பிக்கடை சின்னதுதான், ஆறே மேசை. மஞ்சள் விளக்கும் ஓலைத் தட்டியுமாக அழகாக வைத்திருப்பார். கருப்பட்டிக் காப்பிக்கும் உளுந்தங்களிக்கும் திருச்செந்தூர் போகிற கார்கள் நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் வீடு மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்த வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கும் செல்லத்தாய் ஒருநாள்கூட மேசையில் உட்கார்ந்து தின்றதில்லை. அடுப்படியில் நின்றபடியே நாலு வாய், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதற்கு முன்னால், வெளியே எங்காவது வைத்து ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள். ஒத்துவராவிட்டால் தெருவுக்குத் தெரியாது. மகள் உமாராணியைப் பார்க்க ஆறுமுகநேரியிலிருந்து வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும், செல்லத்தாய் யோசிக்கவே இல்லை. “நான் சமைக்கிற கடைதான், நம்ம கடைக்கே வந்துருங்க” என்று சொல்லிவிட்டாள். நம்ம கடையாம்! பாவி மனுஷி. சுடலைக்கண்ணனும் அன்றைக்குத் தலையாட்டத்தான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்து உட்கார்ந்தார்கள். எதிரே உமாராணி ஒற்றையாளாகத் தலைகுனிந்து இருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. செல்லத்தாய் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். சுடலைக்கண்ணன் அடுப்படி வாசலை மறித்தார்.

“எங்கன போற?”

“பத்து நிமிசம் அண்ணாச்சி. பிள்ளை பக்கத்துல இருந்துட்டு வந்திருதேன்.”

“சமைக்கவ மேசைல உக்காந்தா வாரவன் என்ன நெனைப்பான்? அவுக உன்னையவா பாக்க வந்திருக்காவ? காப்பியக் குடுத்துட்டு உள்ள வா.”

செல்லத்தாய்க்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? இத்தனை வருடம் முழுங்கியது போதும். மூன்று அடுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தாள். நாளைக்கு வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

அவர் பின்னாலேயே வந்து பல்லைக் கடித்தார். “ஏளா, எந்திரி.”

“அஞ்சு காப்பி அண்ணாச்சி,” என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. “சூடா கொண்டாங்க.”

மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினால் கடை மானம் போகும். முகம் கறுத்துப்போய் சுடலைக்கண்ணன் உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு மதினி அவுக?”

“அவரா? இங்க காப்பி கொண்டாரவரு,” என்றாள் செல்லத்தாய்.