சித்தப்பா இருந்த இடம்

சாரல் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் எப்போதும் ஈரக் காக்கியின் வாடை இருக்கும். தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் துணி காயாது. அப்பா போலீஸ் ஏட்டு. அவருடைய யூனிபாரத்தை அம்மா ஃபேனுக்கடியில் நாற்காலி மேல் விரித்துப் போட்டு, அப்படியும் காயாததை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது, சோப்பும் வேர்வையும் கலந்த ஒரு புழுங்கல் ஆவி கிளம்பி அடுக்களை வரைக்கும் வரும். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், என் சித்தப்பா கணேசன் அந்த ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டு இட்லி தின்றதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்த காட்சி.

சித்தப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரும் பொன்செல்விச் சித்தியும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். லாட்ஜுக்கு வருகிறவர்கள் சாவி கேட்கிற விதத்தை ஊர் ஊராகப் பேசிக் காட்டுவார். மதுரைக்காரர் ஒரு மாதிரி, கொல்லத்துக்காரர் ஒரு மாதிரி. அன்றைக்கும் ஏதோ பேசிக் காட்டிவிட்டு, "ஏட்டி, வரும்போது ரம்புட்டான் பழம் வாங்கியாரேன்" என்று என் சடையை இழுத்துச் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

மத்தியானம் வேலை முடிந்து லாட்ஜிலிருந்து கிளம்பியிருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் அவருடைய பைக், வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில், கேரள எல்லையை ஒட்டிய புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு ஓட்டலுக்கு முன்னால் பூட்டியபடி நின்றது. ஹெல்மெட், பைக்கின் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து டீ குடித்ததாகவும், போனில் யாரோடோ கொஞ்ச நேரம் பேசியதாகவும், பிறகு ரோட்டுப் பக்கம் நடந்ததாகவும் பரோட்டா மாஸ்டர் சொன்னார். எந்தப் பக்கம் போனார் என்று கேட்டதற்கு, மழையில் கவனிக்கவில்லை என்றார். பேசிய எண்ணை விசாரித்ததில் அது லாட்ஜில் கூட வேலை பார்த்தவருடையதுதான். மறுநாள் யார் எந்த ஷிப்ட் என்று சித்தப்பா அவரிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் வேலைக்கு வருகிற எண்ணத்தில் இருந்த மனிதர் எங்கே போனார்?

எத்தனையோ பேரிடம் "காணவில்லை" புகார் எழுதி வாங்கிய அப்பா, இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன்னைவிட வயதில் சின்ன அதிகாரியிடம் தம்பியின் அடையாளம் சொன்னார். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. போஸ்டருக்குக் கல்யாணப் போட்டோதான் கிடைத்தது. அதில் சித்தியை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் சித்தப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் சித்தியின் மாலை கொஞ்சம் தெரிந்தது. அந்த போஸ்டர் புளியறையிலும் புனலூரிலும் பஸ் ஸ்டாண்டுகளில் ஒட்டப்பட்டு, மழையில் ஊறிக் கிழிந்து, திரும்ப ஒட்டப்பட்டது.

விசாரணை வருஷக்கணக்கில் நடந்தது. நடக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. லாட்ஜில் எல்லாரையும் கேட்டார்கள், லாரி டிரைவர்களைக் கேட்டார்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீசும் தேடியது. கடையநல்லூரிலிருந்து துபாய்க்குப் போன ஒருவர், அங்கே ஒரு டீக்கடையில் சித்தப்பா மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததாகப் போட்டோ அனுப்பினார். கலங்கலான போட்டோ, பாதி முகம்தான் இருந்தது. சித்தி அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் அது முகமே இல்லாமல் வெறும் கட்டம் கட்டமாக ஆன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடையாளம் தெரியாத பிணம் எங்கே கிடைத்தாலும் அப்பாவுக்குத் தகவல் வரும். கொல்லம், நாகர்கோவில், தூத்துக்குடி என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் நின்றபடியே, "நம்ம ஆளு இல்லே" என்பார். குளித்துவிட்டு வந்ததும் அம்மா சூடாகச் சோறு வைத்து அப்பளமும் பொரிப்பாள். அன்றைக்கு மட்டும் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை எங்கோ செத்துக் கிடக்க, நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சித்தி நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக இருந்ததை ஊரில் சிலர் பேசினார்கள். ஒரு கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வந்த பெண், சித்தி முன்னால் வந்ததும் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். சித்தி தானே எடுத்து வைத்துக்கொண்டு, "அவுக செத்த சேதிய நான் இன்னும் கேக்கலை, நீங்க கேட்டியளா?" என்றார். அதன் பிறகு சித்தி எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, மறுபடியும் ஒரு சாரல் காலத்தில், குற்றாலம் மெயினருவியில் அப்பாவுக்குப் பந்தோபஸ்து. மழைக்கோட்டு போட்டு, தலையையும் மூடிக்கொண்டு, ஆண்கள் வரிசையை விசிலடித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சீசனிலும் அவருக்கு அந்த வேலைதான். காலையில் ஒரு இளம் போலீஸ்காரர் வந்து, "ஏட்டய்யா, பாலத்துப் பக்கம் படியில ஒரு ஆளு உக்காந்த மேனிக்கே இருக்கான், எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கான்" என்றார். குடித்துவிட்டுக் கிடக்கிறவர்களை எழுப்பிவிடுவது அங்கே தினமும் நடப்பதுதான். அப்பா போய்த் தோளைத் தட்டினார். தலை சாய்ந்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டபோது வலது புருவத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது.

சித்தப்பா இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் அவர் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறார். முகம் மழித்திருந்தது. முடி வெட்டியிருந்தது, பாதி நரைத்திருந்தது. சட்டைப் பையில் ஒன்றுமில்லை. உடம்பில் காயமில்லை, விஷமில்லை, நெஞ்சிலும் கோளாறு சொல்லவில்லை. இடது கையில் எலும்பு எப்போதோ முறிந்து, நன்றாகக் கூடியிருந்தது என்று மட்டும் டாக்டர் சொன்னார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கட்டுப் போடுகிற வைத்தியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாருக்கும் சித்தப்பாவைத் தெரியவில்லை. கடைசியில் சாவுக்குக் காரணம் கண்டறிய முடியவில்லை என்று எழுதி முடித்தார்கள்.

சித்தி அழவில்லை. சித்தப்பா போட்டிருந்த சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பொத்தானைத் தடவியபடி இருந்தார். வெள்ளைச் சட்டையில் அந்தப் பொத்தான் மட்டும் நீல நூலில், நெருக்கமாக, அழுத்தமாகத் தைக்கப்பட்டிருந்தது.

"இது அவுக தச்சது இல்லே. அவுகளுக்கு ஊசியில நூலு கோக்கவே தெரியாது" என்றார் சித்தி. "யாரோ தச்சிருக்கா."

அம்மா அவர் கையைப் பிடித்தாள். சித்தி யாரையும் பார்க்காமல், "நல்லாத்தான் பாத்திருக்கா. அவ எங்கன இருந்து இப்போ தேடுதாளோ" என்றார்.

அப்படி ஒருத்தி இருந்தாளா, அல்லது ஏதாவது ஆசிரமத்தில் யாராவது தைத்துக் கொடுத்தார்களா, எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்டு வரவில்லை.

அப்பாவை வேறொன்று அரித்தது. சித்தப்பா உட்கார்ந்திருந்தது, அருவியை நோக்கி. சீசனில் அண்ணன் அங்கேதான் நிற்பான் என்று அவருக்குத் தெரியும். அப்பாவைப் பார்க்க வந்தாரா, பார்த்தாரா, கூப்பிட்டாரா? "மழைக்கோட்டுல தலையை மூடியிருந்தேன்லா, அவனுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்று அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் இருந்து சொல்லுவார். சற்று நேரம் கழித்து, "விசில் சத்தத்துல கூப்பிட்டாலும் கேட்டிருக்காது" என்பார். அம்மா பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு ரசம் ஊற்றுவாள்.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். பொன்செல்விச் சித்தி திருப்பூரில் தன் தங்கை வீட்டோடு இருந்து பனியன் கம்பெனிக்குப் போகிறார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். புளியறையில் இருந்த அந்த ஓட்டல், ரோட்டை அகலப்படுத்தியபோது இடிபட்டுப் போய்விட்டது. பரோட்டா மாஸ்டர் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை.

போன சீசனில் அப்பா குற்றாலத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். குளிக்க வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாலத்துப் பக்கம் பழைய கல்படி இல்லை. சிமெண்டு பூசி, பளபளவென்று கம்பி போட்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற இருவரிடம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அப்பா முழங்காலைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். அருவிப் பக்கம் பார்த்தார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

"ஏட்டி, இங்கனயிருந்து பாத்தா வரிசையில நிக்க போலீஸ்காரன் தெரியுதானா?"

நான் பார்த்தேன். அங்கே ஒரு இளம் போலீஸ்காரர் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றிருந்தார். அவர் மீசை, வாயிலிருந்த விசில், ஒரு பையனை வரிசைக்குள் இழுத்துவிட்ட கை, எல்லாமே தெரிந்தன.

"தெரியலப்பா, ஒரே கூட்டமா இருக்கு" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.