ஏழுமலை இறந்ததற்கு என்ன ஆதாரம்?

குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். அதாவது, அடுத்தவருடைய தாத்தாவுக்காக நான் போய் வரிசையில் நிற்பது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.ஏ. வரலாறு. பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்துப் பதிவேடுகளைத் தேடி நகல் எடுத்து அனுப்புகிறேன். எங்கள் நைனா, அதாவது அப்பா, இதை வெளியில் சொல்வதில்லை. பையன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறார். ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு நாளாவது முழுதாக நின்றவர்கள் மேற்கொண்டு படிக்கலாம். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

முக்கால் மணி நேரத்தில் கிடைத்தவர்

டச்சு நாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவருடைய முன்னோர் ஒருவர் இங்கே வியாபாரத்துக்கு வந்து இங்கேயே இறந்தவராம். எலும்புக்கூடு செதுக்கிய வாசலைத் தாண்டி டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் போனோம். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கல்லின் மேல் தண்ணீர் தெளித்ததும் எழுத்து எழும்பி வந்தது. பெயர், பதவி, மனைவியின் பெயர், இறந்த தேதி, இறக்கும்போது வயது இத்தனை வருடம் இத்தனை மாதம் என்று எல்லாம் இருந்தது. அந்த மனிதர் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.

வாசலில் மீன் வைத்த அலுமினிய அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் தேசம்மா அக்கா. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம், ஏரியோரக் குப்பத்தில் இருப்பவர். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். வெள்ளைக்காரர் ஏன் அழுகிறார் என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா ஏழுமலை ஏரியில் படகு கவிழ்ந்து இறந்து முப்பது வருடம் இருக்கும். யாரும் பதியவில்லை. வீட்டு மனையின் பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பட்டா தன் பெயருக்கு வந்தால்தான் அரசு கட்டித் தரும் வீட்டுக்கு மனுப் போட முடியும். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். ஓலைக்கு மேல் தார்ப்பாய் போட்டு எத்தனை மழை தாங்குவது?

"முந்நூறு வருசத்துக்கு முந்தி செத்தவனுக்கு அழறதுக்கு ஆளு கப்பலேறி வருது. எங்க நைனா செத்தார்னு நம்புறதுக்கே ஆளு இல்ல தம்பி."

முகத்துவாரம் அடைத்த வருஷம்

முதலில் ஆபீஸில் இறப்புப் பதிவேட்டில் தேடினோம். தேடுவதற்குத் தேதி வேண்டும் என்றார் எழுத்தர். அக்காவுக்குத் தேதி நன்றாகத் தெரியும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடி ஏரி செத்த வருஷம், ஆடி அமாவாசைக்கு முதல் நாள். "முகத்துவாரம் அடைச்ச வருசம்னு கம்ப்யூட்டர்ல தட்ட முடியாதும்மா" என்றார் அவர். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அந்தக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தை அடையாளம் சொல்வார்கள். தன் கல்யாண தேதியைக் கேட்டால் இந்த எழுத்தர் யோசிப்பார்.

பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினேன், நான்கு கிழவர்களிடம் விசாரித்தேன். தேதி கிடைத்தது. சந்தேகத்துக்கு முன் வருடம், பின் வருடம் இரண்டையும் சேர்த்தே தேடச் சொல்லி மனு எழுதினேன். ஐந்து முறை போன பிறகு, 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று கொடுத்தார்கள். பரிசு வாங்கியவன் போல அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன். இனி மேலதிகாரியின் உத்தரவு வாங்கி, தாமதப் பதிவு செய்துவிடலாம் அல்லவா? எழுத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப சந்தோசப்படாதீங்க. பதிவு இல்லன்னா செத்தது பதியலன்னும் வெச்சுக்கலாம், ஆளு சாகவே இல்லன்னும் வெச்சுக்கலாம்."

பாடு நோட்டு

மேலதிகாரியின் அலுவலகத்தில், அப்படி ஒரு மனிதர் அந்த ஊரில் இருந்ததற்காவது எழுத்தில் ஏதாவது கொண்டுவா என்றார்கள். ரேஷன் கார்டு ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு அவர் போனதில்லை. பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் பெரியவர் ஒருவருக்கு நான் ஏழு தலைமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கல்யாணங்களைப் பதியும் பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகம் இருந்தது. டச்சுக்காரருக்குக் கல் இருந்தது. ஏரியில் வலை போட்டவருக்கு என்ன இருக்கிறது?

பாடு நோட்டு இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களில் கண்டவரும் கண்ட நாளில் வலை போட முடியாது. இன்ன இடம், இன்ன நாள், இன்னார் என்று முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். குடும்பத் தலைவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிய நோட்டு ஊர்த் தலைவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். பெண்கள் அதைத் தொடக்கூடாதாம். தேசம்மா அக்காவைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா பெயரைத் தேட வந்தவர் வெயிலில் நிற்க, சம்பந்தமே இல்லாத நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நோட்டில், பதினோராவது பெயர் ஏழுமலை. எதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று, அவர் பெயர் வருகிற எல்லாப் பக்கங்களையும் பழைய நோட்டிலிருந்து புது நோட்டு வரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். தலைவருக்குத்தான் இது வீண் வேலையாகப் பட்டது.

"ஊரு நோட்டுல இருக்குது இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு கவர்மெண்டு நோட்டுல வேற?"

போன மாதம் வலை போட்டவர்

அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்தடுத்த பக்கங்களையும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. "இது எப்ப எழுதினது?" போன மாதம் என்றேன். "போன மாசமும் ஏழுமலைக்கு முறை இருக்கே. போன மாசம் வலை போட்டவரு, ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட மாட்டாரா?" அந்த அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் காகிதங்களைக் கீழே தவறவிட்டேன்.

வெளியில் வேப்பமரத்தடியில் அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்துபோனால், அவர் வீட்டில் பெண்சாதியோ பெண்ணோ இருக்கும்வரை அந்தக் குப்பத்தில் பெயரை அடிப்பதில்லை. பங்காளி ஒருவர் அந்த முறையில் வலை போடுவார். பட்டதில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகும். முப்பது வருடமாக ஏழுமலை பெயரில் இறால் வந்துகொண்டிருந்தது. ஊர் செய்த ஒரே நல்ல காரியம். அதைத்தான் நான் நகல் எடுத்து, குண்டூசி குத்தி, அக்காவுக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"அவரு பேரு இருந்தாதானே எங்க வூட்டுக்கு இறாலு வரும்? முதல் பக்கம் ஒண்ணு பத்தாதா? நீ எதுக்கு தம்பி எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்த?"

இருபத்தொரு நாள்

பதிவேடு தேடிக் கொடுத்த முதல் ஆபீஸ் எழுத்தர் எங்கள் மேல் இரக்கப்பட்டார். இரக்கம்தான், காசு எதுவும் கேட்கவில்லை. "நோட்டுப்படி ஆளு உயிரோட இருக்காரு. போன வாரம் வயசாகிச் செத்தார்னு எழுதிக் கொடுங்க. இருபத்தொரு நாளுக்குள்ள பதிஞ்சா உத்தரவும் வேணாம், ஒண்ணும் வேணாம். கவர்மெண்டு வீட்டுக்கு இப்ப எடுக்கிற பட்டியல்லயே பேரு வந்துடும்" என்றார். உண்மையைச் சொன்னால் மாதக்கணக்கு, பொய்யைச் சொன்னால் ஒரு வாரம். எப்படி இருக்கிறது?

எனக்குப் பொய்க் காகிதத்தில் கை வைக்கப் பயம். ஆனால் ஒழுகுகிற கூரை என்னுடையது இல்லை. அதனால் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவர் அரிவாள்மனையை ஒதுக்கி வைத்தார்.

"வருசா வருசம் அந்த நாளுக்கு நான் படையல் போடுறேன். ஒரு வூட்டுக்காக எங்க நைனாவை இன்னொரு வாட்டி சாகடிக்கச் சொல்றியா?"

குறுக்கே ஒரு கோடு

அப்படியானால் ஒரே வழிதான். ஏழுமலை இந்த நாளில் இறந்தார் என்று ஊரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர் கூடியது. எழுதித் தருகிறோம், ஆனால் செத்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோட்டில் பெயரை வைத்திருக்க முடியாது, அடித்துவிடுவோம் என்றார் தலைவர். பாடு கிடைக்காமல் நாலு பையன்கள் காத்திருக்கிறார்களாம். அடித்தால் இறால் நின்றுவிடும். நான் எழுந்து கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் கத்தினேன். "வெளியூர்க்காரன் உக்காரு" என்றார்கள்.

பெண்கள் நிற்கிற ஓரத்திலிருந்து அக்கா ஒரே வார்த்தை சொன்னார்: "அடிங்க." தலைவர் அளவுகோல் வைத்துச் சிவப்பில் கோடு போட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் வேண்டுமே என்று, பக்கத்தில், 'மேற்படியார் மகள் தேசம்மா கேட்டுக்கொண்டதன் பேரில் நீக்கப்பட்டது' என்று எழுதினார். நான் பார்த்த அத்தனை நோட்டுகளிலும் ஒரு பெண்ணின் பெயர் வந்தது அந்த ஒரு வரியில்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து இறப்புச் சான்று வந்தது, ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தேதியோடு. உடனே வாரிசுச் சான்றுக்குப் போனோம். நீங்கள் அவர் மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை எடுத்து வைத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டா இப்போது அக்கா பெயரில் இருக்கிறது. வீட்டுப் பட்டியல் அதற்குள் மூடிவிட்டது; அடுத்ததில் பெயர் சேர்த்திருக்கிறார்கள். இறால் வருவதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா இறப்புச் சான்றைக் கையில் எடுத்து, தேதி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார்.

"வூடு வரும்போது வரட்டும். இனிமே எங்க நைனாவை ஆபீசுக்கு இட்டுனு வான்னு எவனும் சொல்ல மாட்டான் இல்ல?"

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பழவேற்காட்டில் இறந்தவர் என்று பெயர் வாங்க, டச்சுக்காரருக்கு ஒரு கல்தச்சன் போதுமாக இருந்தது, ஏழுமலைக்கு இரண்டு ஆபீஸ், ஒரு ஊர்க்கூட்டம், அளவுக்கு மீறி ஜெராக்ஸ் எடுக்கிற ஒரு பட்டதாரி, இத்தனையும் தேவைப்பட்டன.