பிரேக் அக்காவின் வலது கால்

டிவியில் எவனோ ஒருவன் காரை விரட்டிக்கொண்டு போகிறான். வளைவில் லாரி வருகிறது. சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும் என் சித்தியின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. கார் நிற்கவில்லை. லாரியில் மோதிப் பற்றி எரிகிறது. "சொன்னா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுக்கிறாள்.

லிஃப்டில் இறங்கும்போதும் மிதிப்பாள். பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தால் மிதிப்பாள். பஸ்ஸில் போனால், நிறுத்தத்துக்கு ஐம்பது அடி முன்பே தன் பங்குக்கு மிதித்துவிட்டு, டிரைவர் மிதிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். சோபாவுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் அந்த ஓர் இடம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. சித்தப்பா அதன்மேல் ஒரு கால்மிதியைப் போட்டு மறைத்தார். இப்போது கிடப்பது மூன்றாவது கால்மிதி.

சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கார், ஒரே ஆசிரியை. அந்தக் காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் அவள் அதை மிதித்து வண்டியை நிறுத்துவாள். ஊரில் பாதிப் பேர் அந்தப் பிரேக்கை நம்பித்தான் முதல் தடவை சாலைக்கு வந்தவர்கள். நேரில் "மிஸ்" என்பார்கள். அவள் தலை மறைந்ததும் "பிரேக் அக்கா". அவளுக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

நாலு வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து, அவள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் அவள் கிளம்பும்போது நானும் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறேன். முன்னால் ஓட்டுகிறவருக்கு வியர்க்கும். சித்திக்கு வியர்க்காது. யாரையும் அதட்டியதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"கண்ணாடி பாத்தீங்களா? முகம் பாக்கச் சொல்லல. பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க."

"ஹாரனை ஏன் அழுத்தறீங்க? அந்த ஆட்டோ உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

இப்போது அவளிடம் பழகுகிறவர்களில் மூத்தவர் ஒரு டெய்லர். அறுபத்து மூன்று வயது. எதிரே பஸ் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"மாஸ்டர், துணி வெட்டும்போதும் இப்படித்தான் கண்ண மூடிப்பீங்களா?"

"துணி எதிர்ல வராதும்மா."

"பஸ்ஸும் உங்க மேல வரல. அது வழியில அது போகுது. திறங்க."

திறப்பார். பஸ் அது வழியில் போயிருக்கும்.

இந்தப் பழைய கார் போதும் என்றுதான் சித்தி வெகுநாள் இருந்தாள். போன வருஷம் சின்னதாக ஓர் எலெக்ட்ரிக் கார் வந்து ஊரே அதன் பின்னால் அலைந்தது. ஷோரூமின் மேலாளர் அவளுடைய பழைய மாணவர். நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவர் என்பதால் சித்தி அவரை "நாலு தடவை" என்றே கூப்பிடுவாள். சும்மா ஓட்டிப் பாருங்கள் மிஸ் என்று அவர் அழைத்தார். சித்தி போனாள், ஆனால் ஓட்டவில்லை. பழக்கதோஷம், நேராகப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேலாளரும் பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்க அவரை ஓட்டவைத்து, ஷோரூம் வாசலில் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கவைத்து, "பரவாயில்ல, மறக்கல" என்று சொல்லி இறங்கினாள். அப்படி ஒரு சோதனை ஓட்டத்தை அந்த ஷோரூம் அதற்கு முன் பார்த்ததில்லை.

இறங்கியவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அந்த வண்டியில பக்கத்துல பிரேக்கே தேவையில்ல. நான் கால வெச்சேன், நின்னுடுச்சு. மூணு இடத்துல பாத்துட்டேன். என்னமோ சென்சாராம். கால் போறத அதுவே புரிஞ்சுக்குது."

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு உன்னைப் புரிஞ்சுக்க ஒரு ஆள் கிடைச்சாச்சு" என்றார் சித்தப்பா. அவர் பல்செட் செய்கிறவர். யார் சிரித்தாலும் முதலில் பல்வரிசையைத்தான் பார்ப்பார்.

மறுநாளே பதிவு செய்தாள். வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆள். நாலு மாதத்தில் வரும் என்றார்கள். பதினாலு மாதம் ஆனது.

வண்டிகளுக்காகக் காத்திருப்பவர்களைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறேன். பனியில் பஸ்ஸுக்கு, துறைமுகத்தில் கப்பலுக்கு. அவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். சித்தியைப்போல் கூட்டம் சேர்த்துக்கொண்டும் கோபித்துக்கொண்டும் காத்திருந்தவர்களை நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற ஐம்பது பேரும் போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். குழுவின் பெயர் "வந்தா பாப்போம்". கப்பலில் ஏறிவிட்டது என்று ஒருநாள் செய்தி வரும். அன்று சித்தி மத்தியானமே வாசலைப் பெருக்கி, கார் நிற்கும் இடத்தை அளப்பாள். ஏறவில்லை, ஏதோ ஒரு எலெக்ட்ரானிக் சில்லு வரவில்லை என்று மறுநாள் வரும். "இத்துனூண்டு சில்லுக்காக இவ்ளோ பெரிய வண்டி நிக்குதாம்" என்று காய் நறுக்கும் கத்தியை ஆட்டிக்கொண்டு சொல்வாள்.

நடுவில் வேறொரு வேலையும் நடந்தது. புது வண்டி வரும்வரை ஓடவேண்டுமே என்று பழைய காருக்கு ஒவ்வொன்றாக மாற்றினாள். முதலில் கிளட்ச். பிறகு நாலு டயர். பிறகு சீட் உறை, கதவுக் கைப்பிடி, ரேடியேட்டர். மெக்கானிக் ஒருநாள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதுல இப்ப பழசுன்னா கூரையும் நீங்களும்தான்."

வண்டி கும்மென்று ஓட ஆரம்பித்தது. சித்திக்குச் சந்தேகமும் அங்கேதான் ஆரம்பித்தது.

கியர் இல்லாத வண்டியில் என்னத்தைக் கற்றுக்கொடுப்பது? சத்தமே வராதாமே? "ஓட்டறவங்க பயந்தா இன்ஜின்தான் முதல்ல அழும். அத வெச்சுத்தான் நான் கால எடுத்து வைப்பேன். இதுல யாரு அழுவா?"

"நீ அழு" என்றார் சித்தப்பா.

ராத்திரி வேண்டாம் என்பாள். காலையில் தெருவில் அந்தக் கார் ஒன்று போனால் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். திங்கட்கிழமை ரத்து செய்யப் போன் எடுப்பாள். மேலாளர் பேசியதும் "சும்மாதான் தம்பி, எப்படி இருக்கே?" என்று கேட்டு வைத்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளை இழுத்துப்பிடித்தது அந்தச் சென்சார்தான். மாணவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளே. "புது வண்டி வரட்டும் மாஸ்டர், உங்க கண்ணு மூடறதுக்கு முன்னாடி அது நின்னுடும்." மாஸ்டர் பரீட்சையைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தார்.

போன வாரம் வண்டி வந்தது. இரண்டு நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாற்பத்திரண்டாவது ஆளுக்குப் போய்விடும். அந்த நாற்பத்திரண்டாவது ஆள் ஒரு நர்ஸ், அவளும் பழைய மாணவிதான். "மிஸ், நீங்க வேண்டாம்னு நினைச்சா எனக்கு ஒரு வார்த்தை" என்று அன்றே செய்தி அனுப்பிவிட்டாள்.

நானும் கூடப் போனேன். வெள்ளை வெளேரென்று நின்றது. சித்தி வழக்கப்படி பக்கத்து சீட்டில் ஏறி, மேலாளரை ஓட்டச் சொல்லி, ஷோரூமின் பின்புற மைதானத்தில் முதல் வளைவிலேயே காலை வைத்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி வைத்தாள். போய்க்கொண்டே இருந்தது. மேலாளரின் காது மடல் சிவந்து, வண்டி ஓரமாகப் போய் நின்றது.

"சென்சார் வேலை செய்யல தம்பி" என்றாள் சித்தி.

"மிஸ்" என்றார் அவர். "இந்தப் பக்கம் சென்சாரே கிடையாது. முன்னாடி ஆள் வந்தா நிக்கும், அவ்வளவுதான். அன்னிக்கு... அது நான்தான் போட்டேன்."

"எது?"

"பிரேக். உங்க கால் நகர்றதப் பாத்தா என் கால் தானாப் போயிடுது மிஸ். பதினொரு வருஷம் ஆச்சு, இன்னும் போகுது. நீங்க வண்டியப் பத்தித்தான் சொல்றீங்கன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. சொல்ல வாய் வரல. இன்னிக்குக் கால வேணும்னே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், நீங்க வண்டிய வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுடணும்னு."

சித்தி முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். மேலாளர் அந்த நாலாவது தடவையில்கூட இவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்.

"மூணு இடத்துலயும் நீதானா?"

"மூணு இடத்துலயும்."

"கண்ணாடி பாத்துட்டுத்தான போட்டே?"

"பாத்துட்டுத்தான் மிஸ்."

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மேலாளருக்குச் சேர்ந்து சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துச் சின்னதாகச் சிரித்தார்.

ஆனால் சிரித்து முடித்தபிறகு பிரச்சினை அப்படியே இருந்தது. மெக்கானிக்கைக் கேட்டாள். இந்த மாடலுக்கு இரண்டாவது பிரேக் பொருத்தும் சாமான் இன்னும் வரவில்லை என்றார். அது இல்லாமல் பழகுகிறவர்களை ஏற்றக்கூடாது. சட்டமும் விடாது, சித்தியும் விடமாட்டாள். பதினாலு மாதம் காத்திருந்தது, கற்றுக்கொடுக்க முடியாத ஒரு வண்டிக்கு.

அன்று சாயங்காலம் சமையலறையில் நர்ஸுக்கு எழுத ஆரம்பித்தாள். "நீயே எடுத்துக்கோம்மா" என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்கு அந்த வண்டி பிடிச்சிருக்கா, இல்லையா?" என்று கேட்டார் சித்தப்பா.

"பிடிச்சு என்ன பண்றது? என் பக்கத்துல வெறும் தரை."

"லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு ரெண்டாவது பிரேக் வேண்டாமே."

"லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு நான் எதுக்கு?"

"வாங்கிட்டு எத்தனை பேர் ஓட்டறாங்க?"

சித்திக்குத் தெரியும். பரீட்சையில் தேறிய கையோடு காரைத் தொடாமல் விட்டவர்களைத் தெருவுக்கு இரண்டு பேர் அவளால் காட்ட முடியும். லைசென்ஸ் பர்சில், ஆள் பஸ்ஸில். பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அவர்களுக்குக் கியரோடு மல்லுக்கட்ட வேண்டாம், சத்தம் வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

"நீங்களும்தான் வாங்கி வெச்சிருக்கீங்க" என்றாள்.

சித்தப்பா எழுந்து டம்ளரைக் கழுவப் போனார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் லைசென்ஸ் வாங்கியவர் அவர். வாங்கிய மறுவாரம் அந்தப் பழைய காரில் சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை வெளியூர் ஓட்டினார். வழி முழுக்க அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குலுங்கி நின்றது. போய்ச் சேர்ந்ததும் சாவியை அவள் கையில் வைத்து, "ரெண்டு பக்கத்தையும் நீயே ஓட்டிக்கோ" என்று சொன்னவர்தான். அன்றிலிருந்து சைக்கிள். மழையென்றால் பல்செட்டுகளை பாலிதீன் பையில் கட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவார்.

"அந்த வண்டியில என் பக்கம் ஒண்ணும் இல்ல. நீங்க எப்படி ஓட்டினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் சித்தி.

"பயமா இருக்காதா உனக்கு?"

"இருக்கும்."

சித்தப்பா டம்ளரைத் துடைத்தார். துடைத்த டம்ளரை மறுபடியும் துடைத்தார். "ஷோரூம்காரன் எத்தனை மணிக்கு வரச் சொன்னான்?" என்று கேட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு மேலாளர் சாவியை நீட்டினார். சித்தி வாங்கவில்லை, சித்தப்பாவைக் காட்டினாள். அவர் சீட்டை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார், கண்ணாடியைப் பல்செட்டைச் சரிபார்ப்பதுபோல் ஒரு நூல் அளவு அசைத்தார். "ஓடுதா இது?" என்றார். "அஞ்சு நிமிஷமா ஓடுதுங்க" என்றாள் சித்தி.

பெரிய சாலைக்கு வந்தோம். சத்தமே இல்லை. சித்தப்பா மூச்சு விடுவது பின் சீட்டில் எனக்குக் கேட்டது. மருந்துக்கடைத் திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் குறுக்கே வந்தது. சித்தியின் வலது முழங்கால் ஏறி இறங்கியது. அவள் காலுக்குக் கீழே வெறும் கால்மிதி. வண்டி இழுக்காமல், குலுங்காமல், லாரிக்குப் பத்தடி தள்ளி நின்றது.

சித்தப்பா திரும்பாமல் கேட்டார்: "இப்ப யார் போட்டது?"

"நீங்கதான்" என்றாள். "என் காலப் பாத்தீங்களா?"

"நான் ஏன் உன் காலப் பாக்கறேன்? லாரியப் பாத்தேன்."

லாரி வழி விட்டது. முன்னால் சாலை கூட்டமாகத்தான் இருந்தது. பஸ், சைக்கிள், நடுவில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர். சித்தப்பா மெல்ல நகர்த்தினார். சித்தி பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பிறகு இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.