தறிக்காலில் கட்டிய மரப்பாச்சி

என் மகளுக்கு நாலு வயது நடந்தபோது அவள் பல்லுக்குத் தப்பியவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கடித்தாள், என்னைக் கடித்தாள், கடைசியில் தறியில் ஏற்றியிருந்த பாவு இழையையே கடித்து அறுத்தாள். அது முகூர்த்தப் புடவை. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மந்திரித்துப் பார்த்தோம், வாயில் சூடு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஒன்றும் பலிக்காமல், பெண்கள் பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்பில் கொண்டுபோய் விட்டேன்.

அங்கிருந்த டீச்சரம்மா பட்டணத்தில் படித்து வந்தவள், கல்யாணம் ஆகாதவள். அடங்காத பிள்ளைகளை விளையாட விட்டே வழிக்குக் கொண்டுவருவாளாம். ஒரு கூடை களிமண், சொப்பு, மரப்பாச்சி, கொஞ்சம் பழந்துணி. இதற்கா ஒரு படிப்பு என்று எனக்குச் சிரிப்பு. டீச்சரம்மா பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். பொம்மையைக் கடித்துத் துப்பினாலும் திட்டமாட்டாள்.

ஒரு மாதத்தில் கடி நின்றது. என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. வீட்டில் எந்நேரமும் டீச்சரம்மா புராணம்தான். நான் தலை பின்னினால் டீச்சரம்மா பின்னுவது போல இல்லையாம். அழைத்துவரப் போனால் மகள் அவள் மடியை விட்டு இறங்கமாட்டாள். பத்து மாதம் சுமந்தவள் வாசலில் நிற்க வேண்டும். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்து படுக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இனி அனுப்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஒருநாள் போனேன். டீச்சரம்மா என்னை உள்ளே அழைத்தாள். என் மகள் மரப்பாச்சியின் இடுப்பில் துணியைச் சுற்றி, பெஞ்சுக் காலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அது எங்கள் வீட்டுத் தறிக்கால்தான். கரை வைத்த புடவைக்கு நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான ஊடுநூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். நடக்கத் தொடங்கிய பிள்ளை தறிக்குழியில் விழாமலிருக்க, பழம்புடவையால் தறிக்காலில் கட்டிவைப்போம். எல்லா வீட்டிலும் செய்வதுதான். நான் மட்டும் நாலு வயது வரை அவிழ்க்கவில்லை. அவள் கடித்தது, கட்டிய இடத்திலிருந்து எட்டிய இழையை.

“கூட உக்காந்து விளையாடுறீங்களாம்மா?” என்றாள் டீச்சரம்மா.

உட்கார்ந்தேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பொம்மையை அவிழ்த்துவிட்டு, அதே துணியால் என் கையைப் பெஞ்சுக் காலோடு கட்டினாள். பிறகு எதிரே உட்கார்ந்து கையை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி நெய்தாள்.

“பசிக்குது கண்ணு,” என்றேன்.

“இன்னும் ஒரு ஜாண்தான் இருக்குது. சும்மா இரு,” என்றாள். அப்படியே என் குரல்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் கடைசி வரை நெய்துவிட்டுத்தான் எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்தாள். வேலை முடிந்தது என்று சொல்லி என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டிலிருந்த அந்தப் பழம்புடவை மறுநாளே கரித்துணியாயிற்று.

அன்று மணி அடித்ததும் டீச்சரம்மா வழக்கம்போலப் பிள்ளையை மடிக்கு அழைத்துக் கையை நீட்டினாள். பிள்ளை போகவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் களிமண்ணைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அந்த முகம் எனக்குத் தெரியும்; ஒரு மாதமாக அது என் முகம். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்? அவள் பார்க்கட்டும் என்றே பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.