அதைச் சொன்னது கொரியாக்காரி அல்ல

கல்கத்தாவில் டாக்குரியா பக்கம் நாங்கள் குடியேறி ஆறு வருடமாகிறது. கீழ்வீட்டுக் காகிமா, நம் ஊர்ச் சித்தி மாதிரி, இன்றைக்கும் என்னை ‘மாட்ராசி பௌமா’ என்றுதான் கூப்பிடுகிறார். பௌமா என்றால் மருமகள். அதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீன்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தையல்காரர் எல்லோருக்கும் நான் மாட்ராசி பௌதி, அதாவது மெட்ராஸ் அண்ணி. ஊரே அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, என் மேல் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் பெயர் வசந்தி, ஊர் வாலாஜாபாத் பக்கம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ‘ஓ, தினமும் இட்லியா?’ என்று கேட்கிறார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். முதல் வருடம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பெயரில்லாமல் இருப்பது எனக்குப் புதிதும் அல்ல. கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்கான தகட்டு பாகங்கள் செய்கிற ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே மேலாளர்கள் என்னை ‘தோங்யோக்’ என்பார்கள். மொழிபெயர்ப்பு என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு, இங்கே வா. மொழிபெயர்ப்பு, அவளை வேகமாகச் செய்யச் சொல். கொரியாவிலும் அம்மா, அப்பாதான் தெரியுமா என்று வாட்ஸப்பில் பூரித்துப்போகிற என் சொந்தக்காரர்கள் இந்த வார்த்தையையும் சேர்த்து அனுப்பலாம்.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றி எழுத சியோலில் இருந்து ஒரு பெண் நிருபர் வந்தார். கொரியர்கள் மரியாதைக்கு உரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், பதவியோடு ‘நிம்’ சேர்ப்பார்கள். நிருபருக்கு ‘கிஜானிம்’. அவர் நாவலாசிரியராகிவிட்ட பிறகும் எனக்கு அந்த அழைப்பு மாறவில்லை. யாரிடம் பேசினாலும் முதலில் பெயரைத்தான் கேட்பார். நாக்கில் சரியாக உட்காரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போலீஸ் நிலையம் போலீஸ் நிலையமாக அலைய விட்டார்களாம். விபத்தில் இறந்தவர் பெயர் தெரியாமல் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால், மூத்த நிருபர் திட்டிவிட்டு மறுபடி அங்கேயே விரட்டுவாராம். அந்தப் பழக்கம் என்றார்.

அவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் கலைவாணி என்ற பெண்ணின் கை பிரஸ் மிஷினில் மாட்டி இரண்டு விரல் போயிருந்தது. கிஜானிம் அவள் வீடுவரை போய்ப் பேசி எல்லாவற்றையும் எழுதினார். சியோல் பத்திரிகையில் வந்தது வேறு. இரு நாட்டு நட்பு என்று தலைப்பு, சீருடையில் சிரிக்கிற பெண்களின் படம். கலைவாணி அதில் இல்லை. கிஜானிம் வேலையை விட்டார். ஐந்து வருடம் எழுதி ஒரு நாவல் போட்டார். அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர்தான் தலைப்பு. சொந்த ஊரில் விலைபோகாத அந்தப் புத்தகம் வெளிநாடுகளில் பேசப்பட்டு, போன மாதம் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தது. மொழிபெயர்க்க நான்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பாலிகஞ்சில் ஒரு சின்ன அரங்கம். ஏற்பாடு செய்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். விளக்கேற்றல், சால்வை, ரவீந்திரசங்கீதம், தாதாவின் அரைமணி நேர வரவேற்புரை எல்லாம் முடிந்துதான் விருந்தாளிக்கு மைக் வந்தது. கொரிய சீரியல்களில் ஏன் அத்தனை மழை என்று ஒருவர் கேட்டார். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று இன்னொருவர். கிஜானிம் பொறுமையாகப் பதில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் தொழிலில் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. அவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ஆகவே ஒரு மணி நேரமாக நான் சியோலில் பிறந்தேன், நான் பத்திரிகையில் சேர்ந்தேன், நான் ராஜினாமா செய்தேன்.

அப்போது முன்வரிசைப் பெண்மணி ஒருவர் எழுந்தார். “நாவல் ரொம்ப டார்க்கா இருக்கு. தென்னிந்தியப் பொண்ணுங்க சாதுவாச்சே. வேலை கிடைச்சதுல சந்தோஷமாத்தானே இருந்திருப்பாங்க?”

கிஜானிம் சுருக்கமாகச் சொன்னார்: “அவள் பெயர் கலைவாணி. சந்தோஷமாக இல்லை.” அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. “கை நடுவில் போனால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள்” என்றேன். “நான் கண்ணால் பார்த்தேன். விபத்துக்கு முன்பே மேலாளர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். உன் வேலை வாயைக் கொடுப்பது மட்டும், கருத்தைக் கொடுப்பது அல்ல என்றார்கள். சாது என்று யாரைச் சொல்கிறீர்கள்?” அரங்கம் பலமாகக் கைதட்டியது. கைதட்டல் எல்லாம் கிஜானிமைப் பார்த்து. அவர் ஒன்றும் புரியாமல் எழுந்து தலைகுனிந்து வணங்கினார்.

மறுநாள் காலை காகிமா பேப்பரோடு மாடி ஏறி வந்தார். “உன் கொரியாக்காரி என்னமா பேசியிருக்கா பாரு, மாட்ராசி பௌமா.” மேலாளர் கூட்டத்தில் எழுந்து நின்றது முதல் கடைசிக் கேள்வி வரை, நான் சொன்னது அத்தனையும் கிஜானிமின் பெயரில், பெரிய எழுத்தில், அவர் படத்தோடு வந்திருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவை நானாக வாய் திறந்தேன். அதையும் எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கிஜானிம் தங்கியிருந்த விருந்தினர் விடுதிக்குப் போய் வாசித்துக் காட்டினேன். என்னைவிட அவருக்குக் கோபம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் போடுவது பத்திரிகைத் தொழிலா, உடனே ஃபோன் போடு, திருத்தம் போடச் சொல் என்றார். போட்டேன். அவர் கொரியத்தில் சொல்லச் சொல்ல நான் பழக்கதோஷத்தில் அப்படியே சொன்னேன்.

“அதைச் சொன்னது நான் இல்லை, என் மொழிபெயர்ப்பாளர்.”

“சரி மேடம், அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க” என்றார் மறுமுனையில் இருந்த நிருபர்.

“நான்தான் பேசறேன்.”

“நீங்கதானே சொல்லலைன்னீங்க?”

“அது அவங்க. சொன்னது நான். என் பேர் வசந்தி.”

“புரியுது மேடம், புரியுது. போட்டுடறோம்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கிஜானிம் ஊர் திரும்புகிற அன்று திருத்தம் வந்தது. உள்பக்கத்தின் அடியில், ஒரு திருமண மண்டப விளம்பரத்துக்கு மேலே நாலு வரி. அந்தக் கருத்துகள் எழுத்தாளருடையவை அல்லவாம், உடன் வந்த தென்னிந்திய துபாஷியுடையவையாம். விமான நிலையத்துக்குப் போகிற டாக்சியில் அதை அவருக்கு மொழிபெயர்த்தேன்.

“பெயர்?” என்று கேட்டார்.

“இல்லை.”

சியோல் பத்திரிகையில் கலைவாணிக்கு நடந்தது கல்கத்தா பத்திரிகையில் எனக்கு. அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து, என் பெயரை ஒருமுறை சொல்லச் சொன்னார், பழைய மாதிரியே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டிச் செய்தியின் ஓரத்தில் கொரிய எழுத்தில் அழுத்தமாக எழுதி, காகிதத்தை என் மடியில் வைத்தார். அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். மேலே என்னைப் பற்றிப் பெங்காலியில் நாலு வரி, ஓரத்தில் கொரியத்தில் என் பெயர். தமிழிலும் எழுதிவிடலாம் என்று பேனாவைத் தேடிக்கொண்டு வந்தேன். விளம்பரத்து மாப்பிள்ளையின் தலைப்பாகை மீதி இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அப்போது கீழேயிருந்து காகிமா குரல் கொடுத்தார், “மாட்ராசி பௌமா, மோட்டார் போட்டாச்சா?”

இரண்டாவது தடவை கூப்பிடுவதற்கு முன்பே “ஆஷ்ச்சி காகிமா, இதோ வரேன்” என்று பதில் சொல்லிவிட்டேன்.