கைதூக்கித் தங்கையா

மாகாணசபை உறுப்பினர் தங்கையா எண்டு கேட்டால் கொழும்பு வெள்ளவத்தையில பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. கைதூக்கித் தங்கையா எண்டு கேளுங்கோ, தேத்தண்ணிக் கடையில நிக்கிறவனும் சிரிச்சுப்போட்டு வழி சொல்லுவான். அந்தப் பட்டத்தை வைச்சது நானில்லை. ஆனால் ஊரெல்லாம் பரப்பினது நான், இந்தச் சிவமணிதான், அதில எனக்கு வெக்கமில்லை.

ஆள் பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில. தாய் கொழுந்தெடுத்தவ. எழுபதுகளில தோட்டங்களில பஞ்சம் வந்து சனம் பட்டினி கிடந்த நேரம் கொட்டாஞ்சேனைக்கு இறங்கி வந்து, ஒரு ஹாட்வெயார் கடையில ஆணி நிறுத்துக் குடுத்து, பிறகு சொந்தமாப் பலசரக்குக் கடை போட்டவர். சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பொலிசில ஆரையும் பிடிச்சு வைச்சால் கொட்டாஞ்சேனைச் சனம் அவரிட்டத்தான் ஓடும். மனுசனும் சாரத்தை மாத்திக் களிசானைப் போட்டுக்கொண்டு உடன வெளிக்கிடுவார். அப்பிடிப் போய்வந்த பேரிலதான் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுத் தேர்தலில ஆளுங்கட்சிப் பட்டியலில இடம் கிடைச்சது.

கொட்டாஞ்சேனை வோட்டு மட்டும் காணாது. வெள்ளவத்தையில இருக்கிற எங்கட யாழ்ப்பாணத்துச் சனத்தின்ர விருப்பு வாக்கும் அவற்ற பேருக்கு விழவேணும். அதுக்காக எங்கட கதையைப் பழகத் தொடங்கினார் பாருங்கோ, அது ஒரு பெரிய கூத்து! ஆயுசு முழுக்கப் 'பசங்க' எண்டு சொன்ன வாய் 'பெடியள்' எண்டது. நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் அறை வாசலில வந்து நிண்டு, "அக்கா, நீங்கள் கொழும்புக்கு எப்ப வந்தனான்?" எண்டு கேட்டார். எங்களுக்கு வந்தனான் எண்டால் 'நான் வந்தேன்' எண்டு அர்த்தம். "நான் தொண்ணூற்றாறில வந்தனான். நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" எண்டு திருப்பிக் கேட்டன். மனுசன் முழிச்ச முழி இருக்கே! சிரிச்சுச் சிரிச்சே அவருக்கு வோட்டும் போட்டம். ஆனால் எனக்கு அண்டைக்கே மனசுக்குள்ள ஒரு முள்ளுக் குத்தினது. வோட்டுக்காகத் தன்ர பாசையையே மாத்திறவன் வேற எதைத்தான் மாத்தமாட்டான்?

சபைக்குப் போனபிறகு அவர் செய்த வேலை ஒண்டுதான். ஆளுங்கட்சி என்ன சட்டம் கொண்டுவந்தாலும் கையைத் தூக்கிறது. முன்பள்ளிக்குச் சட்டம் வந்தது, தூக்கினார். ஓட்டோத் தரிப்பிடத்துக்கு வந்தது, அதுக்கும் தூக்கினார். பேப்பரில ஒருநாள் படம் வந்தது. பக்கத்தில இருக்கிறவர் நித்திரை, இவர் மட்டும் கையை மேல தூக்கிக்கொண்டு இருக்கிறார். இதுகளால ஆருக்கும் கேடில்லை எண்டு நாங்கள் பகிடி பண்ணிக்கொண்டு இருந்தம். அதுக்குப் பிறகு வந்ததுதான் லொட்ஜ் சட்டம். லொட்ஜுகளில தண்ணி, கக்கூஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கவேணுமாம். கடைசியில ஒரு வாலும் இருந்தது: தங்கிற ஆக்களின்ர விபரத்தை அதிகாரிமார் எப்ப கேட்டாலும் காட்டவேணும். அதுக்கும் கை மேல எழும்பினது. சிங்களம் விளங்காமல் தூக்கினவர் எண்டு சொல்லேலுமோ?

என்ர தம்பி விமலகாந்தன் அப்ப ஒரு லொட்ஜிலதான் இருந்தவன். அனெக்ஸில என்னோட இன்னும் ரெண்டு பொம்பிளையள், ஆம்பிளைப் பிள்ளையை எங்க வைக்கிறது? பாஸ்போட்டுக்குக் குடுத்துப்போட்டு, அது வருமட்டும் கணக்குப் பாடத்துக்கு ரியூசன் குடுத்துக்கொண்டிருந்தான். அப்பா அம்மா போனபிறகு எனக்கெண்டு மிஞ்சினது அவன் ஒருத்தன்தான். அந்த லொட்ஜைத்தான் ஒரு விடியக்காலம் பொலிஸ் வந்து வளைச்சது. இருந்த இளந்தாரியள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.

நான் தங்கையாவுக்குத்தான் போன் அடிச்சன். வேற ஆரைத் தெரியும் எனக்கு? சும்மா சொல்லக்கூடாது, ஆள் உடன வந்தார். என்னைப் பொலிஸ் நிலையத்துக் கேற்றடியில மறிச்சுப்போட்டாங்கள். அவர் உள்ளுக்குப் போகேக்க, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கூட்டிக்கொண்டுதான் வருவன்" எண்டார். திரும்பி வரேக்க முகத்தில ரத்தமில்லை. என்ர கண்ணைப் பாக்காமல் நிலத்தைப் பாத்து, "பாப்போம்க்கா" எண்டார். எங்கட பாசை இல்லை, அவற்ற சொந்தப் பாசை.

பின்னேரம் லொட்ஜில பிடிச்ச மற்றப் பெடியளை எல்லாம் விட்டாங்கள். என்ர தம்பியை மட்டும் விடேல்லை. தங்கையா போய்க் கதைச்ச என்ர தம்பியை மட்டும்! அவசரகாலச் சட்டத்தில தடுப்புக் கட்டளை போட்டு வேறெங்கையோ மாத்திப்போட்டாங்கள்.

நான் வேலை செய்த சாரிக் கடையில என்னோட நிண்டவ ஜெஸீமா. அவ துணியை மடிச்சுக்கொண்டே சொன்னா, "அல்லாவே, இதுல யோசிக்க என்ன இருக்கு சிவமணி? எல்லாத்துக்கும் கை தூக்கிற மனிசன். ஒங்கட தம்பிக்கும் தூக்கிட்டு வந்திருப்பார்."

அந்தச் சொல் என்ர மண்டைக்குள்ள குடியேறிட்டுது. கொட்டாஞ்சேனைக்குப் போய் அவரைப் பற்றி விசாரிச்சன். அந்தாள் தங்கம் எண்டினம் சிலபேர். ஹாட்வெயார் கடையில வேலைநிறுத்தம் நடந்த நேரம் முதலாளியின்ர பக்கம் நிண்டவராம் எண்டு ஒருத்தர் சொன்னார். நல்லது சொன்னதெல்லாம் காத்தோட போட்டுது, கெட்டது மட்டும் ஒட்டிக்கொண்டுது. பிறகு ஒரு அப்புக்காத்து என்னைத் தேடி வந்தார். தம்பியின்ர வழக்கைப் பேசுறாராம், காசு வேண்டாமாம், தங்கையா அனுப்பினவராம். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை எண்டு நினைச்சன். எண்டாலும் அப்புக்காத்தை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வழியில்லை. சிறைச்சாலையில தம்பியைப் பாக்கப் போனால் பக்கத்தில காவலாளி நிப்பான், சுகமோ எண்டு கேக்கிறதோட சரி.

ஆடிவேல் திருவிழா நேரம் கோயில் வாசலில தங்கையாவைக் கண்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னால கத்தினன். "காட்டிக்குடுத்துப்போட்டுக் கும்பிட வந்தனீரோ? உம்மட கை அழுகிப்போகும்!" மனுசன் ஒரு சொல் திருப்பிச் சொல்லேல்லை. பிழையில்லாதவன் எண்டால் வாயைத் திறப்பான்தானே எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் அதைத்தான் நினைச்சன்.

அடுத்த வருசம் சாட்சியில்லை எண்டு கோட்டில நீதவான் தம்பியை விட்டார். எலும்பும் தோலுமா வந்தான். குளிக்க வார்த்து, சோறு போட்டுக் குடுத்துக்கொண்டே தங்கையாவைத் திட்டத் தொடங்கினன். அவன் பிசைஞ்ச கையை நிப்பாட்டினான்.

"அக்கா, அவரைத் திட்டாதை. அவர் கதைச்ச சிங்களத்தில அண்டைக்குப் பொலிசில இருந்த பெரியவன் இளகிட்டான். அவருக்குத் தேத்தண்ணிகூடச் சொன்னவன். கையெழுத்து வைச்சுப்போட்டுப் போகலாம் எண்ட நேரம், நான் நிலத்தில குந்தியிருந்து நடுங்கிறதைக் கண்டுபோட்டு எனக்குத் தைரியம் சொல்ல நினைச்சார். எங்கட பாசையில சொன்னார்: 'பயப்படாதேங்கோ தம்பி. நீங்கள் எங்கட பெடியன்.'"

நான் அகப்பையைக் கீழ வைச்சன்.

"மூலையில, முன்னம் வடக்கில வேலை செய்த பொலிஸ்காரன் ஒருத்தன் நிண்டவன். அவனுக்குத் தமிழில தெரிஞ்சது நாலைஞ்சு சொல்லு. அதில ஒண்டு பெடியன். அங்க பெடியள் எண்டால் ஆயுதம் தூக்கின இயக்கம்தானே. உடன பெரியவனிட்டச் சொல்லிட்டான், இந்தாளே ஒத்துக்கொண்டிட்டார், இவன் அவங்கட ஆள் எண்டு. தங்கையா தொண்டை காயக் காயச் சொன்னார், அது சின்ன ஆம்பிளைப் பிள்ளையளுக்குச் சொல்லுறது, வேறொண்டுமில்லை எண்டு. ஆர் கேட்டது? அவரையும் நிப்பாட்டி வைச்சு விசாரிச்சவங்கள்."

நுணலும் தன் வாயால் கெடும் எண்டுவினம். இஞ்ச அந்த வாயால கெட்டது என்ர தம்பி. ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அதை முழுசா நம்பேல்லை. ஒரு சொல்லுக்காக ஒருத்தனை ஒரு வருசம் அடைச்சு வைப்பாங்களோ? தம்பிக்கு முன்னால அந்தாள் நல்லா நடிச்சிருந்தால்?

அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போனன். தங்கையா பருப்பு நிறுத்துக்கொண்டு நிண்டார். என்னைக் கண்டதும் தராசுத் தட்டு ஆடினது.

"ஏன் அப்ப என்னட்டச் சொல்லேல்லை?"

"என்னான்னு சொல்றது, அக்கா? ஒங்க பேச்ச நான் கடன் வாங்கிப் பேசினேன், அதுல ஒரு வார்த்த ஒங்க தம்பிய உள்ள தள்ளிருச்சுன்னா? நீங்க நம்பியிருப்பீங்களா?"

"மாட்டன்" எண்டன். "இப்பவும் பாதிதான் நம்புறன். சரி, அந்த லொட்ஜ் சட்டத்துக்கு ஏன் கை தூக்கினீர்? அதுவும் வாய் தவறினதோ?"

தராசுத் தட்டைக் கீழ வைச்சார். "இல்லக்கா. எல்லாரும் தூக்குனாங்க. நானும் தூக்கிட்டேன்."

மன்னிக்கிறன் எண்டும் சொல்லேல்லை, திட்டவுமில்லை. திரும்பி வந்திட்டன். பஸ்ஸில வரேக்க சந்தேகம் திரும்பவும் அரிக்கத் தொடங்கினது.

ரெண்டு கிழமை கழிச்சுத் தம்பியை டொக்டரிட்டக் காட்டப் பொரளைக்குக் கூட்டிக்கொண்டு போனன். வழியில சோதனைச் சாவடி. எல்லாரையும் பஸ்ஸால இறக்கினாங்கள். தம்பியின்ர ஐடென்ரிகாட்டை வாங்கிப் பாத்த பொலிஸ்காரன் சின்ன வயசுக்காரன், மீசைகூட ஒழுங்கா முளைக்கேல்லை. என்னைப் பாத்து, தெரிஞ்ச தமிழில கேட்டான். "இவன் யாரு? நல்லமா?"

அவன் தமிழில கேட்டது எனக்கு ஒரு ஆறுதல். தம்பி பக்கத்தில நடுங்கிக்கொண்டு நிண்டான். என்ர வாய் தன்பாட்டில திறந்தது.

"ஓமோம், நல்லவன். எங்கட பெ..."

நாக்கு அதில நிண்டிட்டுது. தம்பி என்ர கையைப் பிடிச்ச பிடியில நகம் தோலுக்குள்ள இறங்கினது. "எங்கட?" எண்டு பொலிஸ்காரன் திரும்பக் கேட்டான். பின்னால நிண்ட இன்னொருத்தன் கிட்ட வந்தான்.

மிச்சச் சொல்லை விழுங்கினன்.

"மகே மல்லி" எண்டன், சிங்களத்தில. என்ர தம்பி.

அவன் தலையை ஆட்டிப்போட்டு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். பஸ்ஸில ஏறி இருந்தபிறகுதான் விளங்கினது, தைரியம் சொல்ல நானும் 'பெடியன்' எண்டுதான் சொல்லப் போனனான் எண்டு. கைதூக்கித் தங்கையா சொன்னது முழுக்க உண்மை எண்டு அப்பதான் நான் நம்பினன்.