ஆரஞ்சு விளக்கும் அரைப் பங்கும்

தேர்வில் பாஸ் என்று தெரிந்த அன்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டாள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங் படிப்பு, அதற்கு ஒரு சான்றிதழ், அது உலகம் பூராவும் செல்லும் என்று நான் விளக்கியதில் அவள் பிடித்துக்கொண்டது கடைசிப் பகுதியை மட்டும்தான். "எம் பொண்ணு சர்டிபிகேட்டு உலகம் பூரா செல்லுமாம்!" மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா ரிப்பேரான டிவி ரிமோட்டோடு வாசலில் நின்றாள்.

அந்தச் சான்றிதழ் கிண்டி வரைக்கும்கூடச் செல்லவில்லை.

இன்டர்வியூவுக்குத் திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஏசி அறையில் உட்கார வைப்பார்கள். கேள்விகளுக்குச் சரியாகத்தான் பதில் சொல்வேன். கடைசியில் அந்தக் கேள்வி வரும். "எக்ஸ்பீரியன்ஸ்?" இல்லை என்றதும் பேனாவை மூடிவிடுவார்கள். புதியவர்களுக்கான வேலை என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே அனுபவம் கட்டாயம் என்று எழுதுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எங்கள் குப்பத்தில் அதற்கு வார்த்தை இருக்கிறது. அச்சில் ஏறாது.

கூடப் படித்த தோழி ஒருத்தி, "ரெண்டு வருஷம்னு போட்டுக்கடி, எவன் போய் பாக்கப் போறான்?" என்றாள். அவள் அப்படித்தான் போட்டுக்கொண்டாள். நான் போடவில்லை. நேர்மை என்று நினைக்க வேண்டாம், பயம். நான் படித்தது முழுக்க லேப்டாப்பில் ஓடும் ஒரு பயிற்சி மென்பொருளில். திரையிலேயே பெட்டிகளை இழுத்து வைக்கலாம், கம்பி மாட்டலாம், எல்லாம் படம்தான். நிஜப் பெட்டி ஒன்றைக் கையால் தொட்டதே கிடையாது. அதன் கனம் என்ன என்று கேட்டால்கூட மாட்டிக்கொள்வேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நைனா, அதாவது என் அப்பா, பகலில் படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தி அந்தப் பேச்சை எடுத்தாள். வண்ணாரப்பேட்டையில் அவள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் பில் போட ஆள் வேண்டுமாம். தடை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சரி என்றுவிட்டாள். நான் போக மாட்டேன் என்று குதித்தேன். கடைசியில் ஒரு சமாதானம். படகு கடலுக்குப் போவதற்குள் என் படிப்புக்கு வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பில் போடப் போக வேண்டும். ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரியாதா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படகுல புச்சா ஏறுறவனுக்குக்கூட அரைப் பங்கு குடுக்கறோம். அவனுக்கு இன்னா தெரியும்? வாந்தி எடுக்கத்தான் தெரியும். உன் கம்பெனிக்காரனுங்களுக்கு அந்த மனசுகூட கெடையாதா?"

மீன் விற்ற காசில் செலவு போக ஆளுக்கொரு பங்கு. புதியவனுக்கு அதில் பாதி. எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் அறிந்த வழக்கம். அவர் சொன்னதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மீன் முள்ளைச் சாக்கு வைத்து எழுந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு இடம் கூப்பிட்டது. மணலி புதுநகர்ப் பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டு. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போனேன். போய் இறங்கியபோது வெள்ளைத் துப்பட்டா சாம்பல் நிறமாகியிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தது ஒரு மேடம். காலில் கனத்த ஷூ, கையில் டார்ச். கேள்வியே கேட்கவில்லை. மேஜைமேல் ஒரு சுவிட்சைத் தூக்கி வைத்தார். விளக்கு போடும் சுவிட்ச் இல்லை, பல கம்ப்யூட்டர்களின் கம்பிகள் வந்து சேரும் பெட்டி. பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர்.

"ரெண்டையும் பேச வை."

இது எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கம்பிகளை மாட்டினேன். பெட்டியில் விளக்கு ஆரஞ்சில் எரிந்தது. பச்சையாக வேண்டுமே? கழற்றி மாட்டினேன். ஆரஞ்சு. ஊதிவிட்டு மாட்டினேன். ஆரஞ்சு. வேறு துளையில் மாட்டினேன், அங்கேயும் அதே ஆரஞ்சு. கை வியர்த்து வழுக்கியது. அய்யோ, பெட்டியைக் கெடுத்துவிட்டேனோ?

"கைய எடும்மா" என்றார் மேடம்.

எடுத்தேன். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். ஃபேன் கிறீச்சிட்டது. விளக்கு பச்சையானது. ஒன்று, பிறகு இன்னொன்று.

"கம்பி மாட்டினதும் அது கொஞ்ச நேரம் சுத்தி முத்தி பாத்துட்டுத்தான் வழி விடும். நீ புடுங்கப் புடுங்க அது முதல்லேர்ந்து ஆரம்பிக்குது" என்றவர் என்னையே பார்த்தார். "சாஃப்ட்வேர்லயே கத்துக்கிட்டியா?"

"ஆமா மேடம்."

"அதுல நேரத்த வேகமா ஓட்ட ஒரு பட்டன் இருக்குமே."

தூக்கி வாரிப்போட்டது. அந்த விதி எனக்குப் புத்தகத்திலிருந்து வரி வரியாகத் தெரியும். தேர்வில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் ஒருநாள்கூட அதற்காகக் காத்திருந்ததில்லை. ஆரஞ்சைப் பார்த்தவுடன் பட்டனை அமுக்குவேன், பச்சையாகிவிடும். என்னைப் போல் திரையிலேயே படித்தவளைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு. இரண்டு வருட அனுபவம் என்று போட்டிருந்தால் அங்கேயே மானம் கப்பலேறியிருக்கும்.

"சரிம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கும்பிடு போட்டுவிட்டுக் கதவு வரைக்கும் போனேன். அங்கே நின்றதும் ஜவுளிக்கடையின் பில் மெஷின் சத்தம் காதில் கேட்பது போல் இருந்தது. கோபம் வந்துவிட்டது. மேடத்தின்மேல் இல்லை, எல்லாவற்றின்மேலும். கோபம் வந்தால் என் வாயில் வீட்டுப் பேச்சுதான் வரும்.

"மேடம், எங்க நைனா போற படகுல புச்சா வர்றவனுக்கு அரைப் பங்கு குடுப்பாங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் ஏத்திக்குவாங்க. எனக்கும் அரைப் பங்கு குடுங்க. எத்தினி நாளிக்கி தான் கரைலயே நின்னுகினு இருப்பேன்?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை.

"அந்த அரைப் பங்கு ஆளு என்ன வேலை செய்வான்?"

"ஐஸ் ஒடைப்பான், மீன் பிரிப்பான், படகு கழுவுவான். எல்லார்கிட்டயும் திட்டு வாங்குவான்."

"முழுப் பங்கு எப்போ?"

"அத அவன் கேக்கக் கூடாது மேடம். கூட இருக்கறவங்களே ஒருநாள் குடுப்பாங்க."

டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இங்க உப்புக் காத்துல கனெக்டர் எல்லாம் பாசி புடிச்ச மாதிரி ஆயிடும். வெயில்ல நின்னு ஒண்ணொண்ணா மாத்தணும். ட்ரெயினின்னுதான் போடுவேன், பாதிச் சம்பளம்தான். திங்கக்கிழமை ஷூ போட்டுக்கிட்டு வா."

ஷேர் ஆட்டோவில் வரும்போது சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது. பாதிச் சம்பளம், ட்ரெயினி. ஜவுளிக்கடையில் முழுச் சம்பளம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த வேலை. அம்மாவிடம் இதை எப்படி வேலை என்று சொல்வது? வீட்டில் அவள் கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நைனா வாசற்படியில் பீடியோடு இருந்தார்.

"இன்னாடி ஆச்சு? மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுகினு வர்ற?"

"கெடைச்சுது. ஆனா முழு வேலை இல்லம்மா. அரைப் பங்கு மாதிரி."

அம்மாவின் கை அப்படியே நின்றது. நைனா பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மா கருவாட்டுக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சித்திக்குத்தான் போட்டாள்.

"அந்தக் கடைக்கு வேற ஆளப் பாத்துக்க சொல்லுடி. எம் பொண்ண படகுல ஏத்திக்கினாங்க."

"எந்தப் படகுலக்கா?" என்று சித்தி அலறியது எனக்கே கேட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.